முகம் வைத்த டாலர்

2024ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாம் தேதி, புதன்கிழமை, காணும் பொங்கல். காலை பத்து மணி நாற்பது நிமிடம். பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. ஏரிப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்று, அதிலிருந்து ஒரு ஜப்பான்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள்.

என் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வந்தவர் அவன் பிரிவுக்கு மேலாளர். பொங்கல் சமயத்தில் ஒரு ஊர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டாராம். இவன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டான். உத்திரமேரூரில் இத்தனை வீடுகள் இருக்க, ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு கால் விரிந்து கிடக்கும் வீடுதானா கிடைத்தது என்று நான்கு நாட்களாக எனக்குக் கவலை. விரிந்த இரண்டையும் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். சாம்பாரில் எத்தனை மிளகாய் போடலாம் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் மூன்று கணக்குச் சொன்னார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருடங்கள் மூட்டை எண்ணிப் பட்டியல் எழுதியவன் நான். எதையும் எண்ணாவிட்டால் எனக்குப் பொழுது நகராது.

ஆனால் நாற்காலியும் மிளகாயும் மேலுக்குத்தான். உள்ளே இருந்த கவலை என் மனைவியின் முகம்.

ஆறு வருடங்களாக அவளுக்குப் பார்க்கின்சன். கை நடுக்கம் மாத்திரைக்குக் கேட்கிறது. முகம் அவ்வளவாகக் கேட்கவில்லை. "முகத்துத் தசை இறுகிடும் சார். உள்ளே சந்தோஷமா இருப்பாங்க, வெளியே தெரியாது" என்று செங்கல்பட்டு டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் தூசியும் உமியுமாக நான் வீடு திரும்பும்போது, வாசலில் நிற்கும் அவள் முகத்தைப் பார்த்தே வீட்டு நிலவரம் தெரிந்துகொள்வேன். பிள்ளைக்குக் காய்ச்சலா, பால்காரன் ஏமாற்றினானா, என் அக்கா வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா, எல்லாம் அந்த முகத்தில் எழுதியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து அழிந்துபோனது. கூடவே கழுத்தும் முன்னால் குனிந்துவிட்டது. தெரியாதவர் பார்த்தால் யாரோடோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படி நினைத்துவிட்டதில்தான் மகனின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் பழையசீவரம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். என் மைத்துனர் கொண்டுவந்த வரன். பி.எஸ்சி. படித்துவிட்டு வாலாஜாபாத்தில் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். பையனுக்குப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்றார்கள். அவள் தட்டோடு வந்து நின்று கும்பிட்டபோது எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சிரித்தேன். போய்ச் சேர்ந்ததிலிருந்து கிளம்பும்வரை, வாய் வலிக்கிற அளவுக்கு.

நோயை மறைக்கவில்லை. மைத்துனர் முதலிலேயே சொல்லியிருந்தார். பத்து நாள் கழித்து அவர் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க இன்னாத்துக்கு மாமா அப்படி இளிச்சீங்க? ஏதோ மறைக்கிறாப்பல கீதேன்னு அவங்களுக்கு பேஜாராயிடுச்சி."

"நோயைச் சொன்னியா இல்லயா?"

"சொன்னேன் மாமா. பொண்ணோட அம்மா இன்னா சொல்றாங்க தெரியுமா? 'நோவு யாருக்குத்தான் இல்ல. ஆனா எம்பொண்ண பாத்து ஒரு தபாகூட அந்தம்மா முகம் மலரலியே. நாளைக்கு இவ தெனமும் அந்த மூஞ்சியப் பாத்துக்கினுதான குடும்பம் பண்ணணும்?'"

உள் அறையில் படுத்திருந்தவள் தூங்குகிறாள் என்று நினைத்துப் பேசிவிட்டார். அவர் போனபிறகு நான் மாத்திரை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய குரலும் இப்போது தேய்ந்துவிட்டது, காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

"அந்தம்மா சொல்றது தப்பா?" என்று கேட்டாள்.

மாத்திரையை அவள் வாயில் போட்டுத் தண்ணீரை நீட்டினேன். மார்கழி வந்தது. மார்கழியில் யாரும் கல்யாணம் பேசுவதில்லை என்பதால் ஒரு மாதம் பெண் வீட்டாரின் மௌனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. தை பிறந்து மூன்றாவது நாள்தான் இந்த விருந்தாளிகள் வந்தார்கள். அதுவரை பழையசீவரத்திலிருந்து போன் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் முன்னாலும் இவள் முகம் இப்படி இருந்து, அவர்களும் தப்பாக நினைத்து, அது பையனின் வேலையைப் பாதித்தால் என்னாவது என்று என் மனம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

நடந்தது வேறு. அந்த அம்மாள் வாசலில் என் மனைவியைப் பார்த்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினார். என் மனைவி எப்போதும் குனிந்தே இருப்பவள். தனக்கு இன்னும் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்த அந்த அம்மாள் மறுபடியும் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தார், இவள் குனிந்தபடியே இருந்தாள். மூன்றாவது முறையும் குனிந்தார். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் வேலைக்காகக் கற்றுக்கொண்ட அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவியின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு காற்று வந்தது. அவளுடைய சிரிப்பு இப்போது அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்தது. மிளகாய்க் கவலை வீண். வடையை மட்டும் அவர்கள் ஏழு தின்றார்கள். பிறகு அந்த அம்மாள் ஒரு துணிப்பையைப் பிரித்துத் தரையில் பரப்பினார். உள்ளே நகைகள். பொன்னும் இல்லை, கல்லும் இல்லை. மரத்தில் செதுக்கிய சின்னஞ்சிறு முகங்கள், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே வெள்ளி வளையம் வைத்து. சங்கிலியில் கோக்கும் டாலர் சில, காதில் தொங்கவிடுவது சில. ஒரகடத்துக் குடியிருப்பில் பகலெல்லாம் தனியாக இருக்கும்போது அவரே செய்வதாம். அவர்கள் நாட்டில் நோ என்று மிகப் பழைய நாடகம் ஒன்று இருக்கிறது. அதில் நடிகர்கள் மரமுகம் அணிந்துதான் ஆடுவார்கள். அந்த முகங்களைத்தான் அவர் இப்படிச் சிறிதாக்கி நகையாகச் செய்கிறார். மகன் தெரிந்த அளவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

என் மனைவி ஒரு வெள்ளை முகத்தைக் கையில் எடுத்தாள். இளம்பெண்ணின் முகம். கிளிஞ்சல் பொடியைக் குழைத்துப் பூசிய வெள்ளையாம்.

"பல்லு ஏண்டா கறுப்பா கீது? வெத்தல பொயலை போடறவளா?"

மகன் அதை மொழிபெயர்த்தான். அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் பல்லுக்கு மை தீட்டிக்கொள்வார்கள், அதுதான் அழகு என்று பதில் வந்தது. புருவம் ஏன் நெற்றியில் ஏறிக் கிடக்கிறது என்று கேட்டாள். சொந்தப் புருவத்தை மழித்துவிட்டு மேலே வரைந்துகொள்வார்களாம், அதுவும் அழகுக்குத்தான்.

காதில் மாட்டும் ஒன்றில் இரண்டு கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு பெண் முகம் இருந்தது. வீடு கட்டும் இடத்தில் நாம் கட்டிவிடுகிற திருஷ்டி பொம்மை என்றே நினைத்தேன். இல்லை, அவள் புருஷன் இன்னொருத்தியிடம் போனதில் மனம் வெந்து கொம்பு முளைத்தவளாம்.

"இத்த உங்க அத்தைக்குக் குடுக்கச் சொல்லு" என்றாள் என் மனைவி மகனிடம். என் அக்காவைச் சொல்கிறாள். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அந்த அம்மாள் கொம்புக்காரியை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினார். நேராகப் பார்த்தால் கோபம். மெல்லக் கீழே சாய்த்தார். நெற்றியின் நிழல் கண்ணில் விழுந்தது. அதே முகம் அழுதது. என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அழத்தான் செய்தது. பிறகு வெள்ளைப் பெண்ணை எடுத்தார். மேலே தூக்கினால் வெளிச்சம் கன்னத்தில் ஏறி, இதோ சிரித்துவிடுவாள் போல இருந்தது. தாழ்த்தினால் முகம் வாடியது.

"சிரிக்கிறது அழறதுன்னு அவங்க சொல்லமாட்டாங்க நைனா," என்றான் மகன், வார்த்தை தேடித் திணறி. "வெளிச்சம் வருது, மேகம் மூடுதுன்னுதான் சொல்வாங்க. மரம் அசையாது இல்ல? கழுத்துதான் எல்லாம் பண்ணும்."

நம் கூத்தில் முகத்துக்கு அரிதாரம் பூசி, கண்ணை உருட்டி, மீசையை முறுக்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கோபம் தெரிகிற மாதிரி ஆடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாக இருந்தது. சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நடுவில் ஒரு முகத்தைச் செதுக்கி வைத்துவிட்டு, மீதியைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். முகமூடி என்றால் உள்ளே இருப்பதை மூடுவது என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் மகனின் செல்போனில் தேடிப் படித்தேன். மேடை ஏறுமுன் நடிகர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அந்த மரமுகத்தை வணங்கிவிட்டுத்தான் அணிவாராம். கண் இருக்கும் இடத்தில் சிறு துளைதான். வெளியே பாதிதான் தெரியும். நடை தடுமாறாமல் இருக்கத் தூண்களைக் குறி வைத்து நடப்பாராம். என் மனைவியும் கூடத்தில் தூணைக் குறி வைத்துத்தான் நடக்கிறாள்.

வெள்ளை முகம் அவள் கையிலேயே இருந்தது. விரல் நடுங்க நடுங்க அந்த முகம் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மாறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நோவுனால முகத்துல தெரியல, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லுடா" என்றேன்.

மகன் சொன்னான். அவர் ஏதோ பதில் சொன்னார்.

"தெரியும்ன்றாங்க. கையில வாங்கும்போதே தெரிஞ்சிதாம்."

"எப்படித் தெரியுமாம்?"

"கழுத்தப் பாத்தாங்களாம்."

அவர்கள் போன நான்காம் நாள் காலை என் மனைவி என்னைக் கட்டில் எதிரில் உட்காரச் சொன்னாள். உத்திரத்தைப் பார்ப்பதுபோல் முகவாயைத் தூக்கினாள்.

"இப்ப எப்படி கீது?"

"இன்னும் கொஞ்சம் மேல."

"இப்ப?"

"இப்ப சிரிக்கிற மாதிரி கீது."

"உங்களுக்கு எப்பவும் அப்படித்தான். வேற யாரையாவது கேக்கணும்."

மைத்துனர் வந்தபோது அவரிடமும் காட்டினாள். "போலீஸ்காரன் மாதிரி கீறக்கா. லைசென்ஸ எடுன்னு சொல்லுவ போல கீது," என்றார் அவர். அவள் மூக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது.

தினமும் பழகினாள். கழுத்து பத்து எண்ணும்வரை நிற்கும், பிறகு தானாக இறங்கிவிடும். நரம்பு பிசகிவிடப் போகிறது என்று நான் புலம்பினேன். அவள் காதில் வாங்கவில்லை. தை பாதி போயும் போன் வராததால் ஒருநாள் தம்பியிடம் சொன்னாள்: "நானே ஒரு தபா போய் வரேன்டா. வேணான்னா என் முன்னாடியே சொல்லட்டும்." மைத்துனர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் வாருங்கள் என்று அரைமனதாகச் சொன்னார்களாம்.

பிப்ரவரி நான்காம் தேதி காலை வாடகைக் காரில் நானும் அவளும் மைத்துனரும் போனோம். மகனைக் கூட்டிப் போகவில்லை. என் மனைவி பட்டுப்புடவையின் மேல் அந்த டாலரைத் தெரிகிற மாதிரி போட்டிருந்தாள்.

பெண்ணின் தகப்பனார் வாசலுக்கு வந்து அழைத்தார். தாயார் காபி கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பெண் கதவோரம் நின்றாள். என் மனைவி மூச்சை இழுத்து முகவாயைத் தூக்கினாள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் தலை இறங்கிவிட்டது. மறுபடி தூக்கினாள், நான்கில் இறங்கிவிட்டது. பதினோரு மணி மாத்திரை வழியில் இருபது நிமிடம் தாமதமானது என் தப்புதான் என்று நினைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். மின்விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் சிரிக்க வாயைத் திறந்தேன், மைத்துனர் என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன்.

அரைமணி நேரம் மழையையும் நெல் விலையையும் பேசினோம்.

"சாப்பிடச் சொல்லலாம்தான் அண்ணே," என்றார் பெண்ணின் தாயார் என்னிடம். "இன்னும் ஒண்ணும் முடிவாகல. தப்பா நெனச்சிக்காதீங்க."

வரன் முடிவாகாமல் ஒரு வீட்டில் கை நனைப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. நாங்கள் எழுந்துகொண்டோம்.

வாசல்படியில் என் மனைவிக்குச் செருப்பு மாட்ட வரவில்லை. சில நேரம் அவள் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். அப்போதும் நின்றுவிட்டது. என் முழங்கால் மடங்காது, மைத்துனர் காரைத் திருப்பச் சொல்லப் போயிருந்தார். அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். யாரும் சொல்லாமலே கீழே குந்தி, குதிகாலைப் பிடித்துத் தூக்கிச் செருப்புக்குள் வைத்து வாரை மாட்டினாள்.

"சரியா கீதா அத்த?" என்று கேட்டு அண்ணாந்து பார்த்தாள்.

பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. கையைக் காலிலிருந்து எடுக்கவும் இல்லை.

"அம்மா, இங்க வாயேன்."

"இன்னாடி?"

"வந்து ஒக்காரு. இங்க, என் பக்கத்துல."

"செருப்பாண்ட இன்னாத்துக்குடி ஒக்காரச் சொல்ற?"

"ஒக்காந்து மேல பாரும்மா மொதல்ல."

தாயார் முணுமுணுத்துக்கொண்டே கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக் குந்தினார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். குனிந்த கழுத்திலிருந்து டாலர் அவர்களுக்கு நேராகத் தொங்கி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே என் மனைவியின் முகம். நின்றுகொண்டிருந்த எனக்கு அவள் உச்சி வகிடும் பூவும்தான் தெரிந்தன. என் மனைவி ஏதோ சொன்னாள். கீழே இருந்தவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது. தாயார் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு செருப்புக்கு ரெண்டு பேரான்றாங்க," என்றாள் பெண்.

"சிரிக்கிறாங்க இல்லம்மா?" என்று தாயாரிடம் கேட்டாள். அவர் அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என் மனைவியின் நடுங்கும் விரல்களைப் பிடித்தார்.

"நான் எதிர்ல ஒக்காந்து பாத்துக்கினு இருந்துட்டேன்க்கா," என்றார்.

எழுந்து உள்பக்கம் திரும்பினார். "ஏங்க, எல போடச் சொல்லுங்க."

"அவங்க கெளம்பிட்டாங்களே," என்றார் தகப்பனார்.

"கெளம்பினா இன்னா. சாப்ட்டுட்டுப் போவாங்க."

மாட்டிய செருப்பை அந்தப் பெண்ணே கழற்றினாள். மைத்துனர் காரிலிருந்து ஓடிவந்து என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தார். எனக்கே சரியாகத் தெரியாததால் கையை விரித்தேன். ஒரு குழம்பு, ரசம், இரண்டு பொரியல், அவசரத்துக்குப் பொரித்த அப்பளம். எங்களுக்கு மேசையில் இலை போட்டார்கள். அந்தப் பெண் என் மனைவி பக்கத்தில் ஒரு முக்காலியில் தாழ உட்கார்ந்து, சோற்றைக் குழைத்துக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்தபோதெல்லாம் என் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் இருக்கும். கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்து, எழுந்து கை கழுவினோம்.

காரில் வரும்போது மைத்துனர் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க கீழ இருந்து இன்னாத்தப் பாத்தாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளாறதான கீறேன்."

வீட்டு வாசலில் இறங்கியதும் ஓட்டுநரிடம் கணக்குக் கேட்டேன். வண்டி வாடகை ஆயிரத்து எண்ணூறு. சாப்பாட்டுக்காக நின்ற நேரத்துக்குக் காத்திருப்பு நானூறு என்றார். எப்போதும் இந்த இடத்தில் நான் பேரம் பேசுவேன். என் மனைவி இறங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பேசாமல் கொடுத்து, மேலே ஒரு நூறு ரூபாயும் வைத்தேன். காலையில் வாங்கிப் போன பழம், பூ, இனிப்புக்குத் தொள்ளாயிரத்து நாற்பது ஆகியிருந்தது. ஆக மொத்தம் மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.